மறுகா என்ன?

பன்பாய் இழைக்கிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார்கள். ஏறினால் பன் புல் விறைத்து முறியும். பிறகு பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொள்வது என் உம்மாவின் வழக்கம். அப்படி ஒரு பதினொரு மணிக்கு மூன்று பிள்ளைகள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். 2009ஆம் ஆண்டு, யுத்தம் முடிந்து சில மாதங்கள் இருக்கும். பல்கலைக்கழகத்தில் இறுதி வருடமாம். பைலுக்குள் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட வினாக்கொத்து.

பதினேழாவது கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம். “பாய் இழைத்தலில் நீங்கள் எதிர்நோக்கும் பிரதான சவால் யாது? (அ) மூலப்பொருள் பற்றாக்குறை (ஆ) சந்தை வாய்ப்பின்மை (இ) இளைய தலைமுறையின் ஆர்வமின்மை (ஈ) வேறு.”

உம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னா: “இதென்ன கேள்விகா? பன் இப்ப எங்க கிடக்கு, ஆர்ர காணிக்குள்ள கிடக்கு, வெட்டப் போனா ஆர் ஏசுறான், அதக் கேளு. நான் சொல்றன்.”

பிள்ளை (அ)வுக்குச் சரி போட்டது.

முன்பு யாரும் சொந்தம் கொண்டாடாத பள்ளக்காணிகளில் பன் வளர்ந்தது. அவையெல்லாம் ஒவ்வொன்றாக வேலி கண்டு வயலாகிப் போனதைத்தான் உம்மா சொல்ல வந்தா. எந்தக் காணிக்கு எந்த வருடம் வேலி வந்தது, வேலி போட்ட ஆளின் உம்மா எந்த வீட்டில் பாய் விற்று அரிசி வாங்கினாள் என்பது வரைக்கும் அவவுக்குத் தெரியும். ஒரு ஊரில் பொதுநிலம் எப்படிக் கைமாறியது என்ற கதை அது. நாற்பத்திரண்டு கேள்விகளில் ஒன்றுக்குள்ளும் அது நுழையவில்லை.

எழுதி முடித்து எழும்பியபோது உம்மா கேட்டா: “எழுதிட்டியா? மறுகா?”

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் பிறகு, அடுத்தாற்போல. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு அப்பால் வரைக்கும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான சொல்.

“மறுகா சேர்ட்ட குடுப்பம் மூத்தம்மா.”

“சேர் என்ன செய்வார்?”

“மார்க்ஸ் போடுவார்.”

“மார்க்ஸ் ஒனக்கா எனக்கா?”

பிள்ளைகளும் சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். தேத்தண்ணி குடித்து, போட்டோ எடுத்து, உம்மாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆய்வேட்டை நாங்கள் கண்ணால் காணவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஊரில் ஆய்வுக்கு வருகிற பிள்ளைகளைக் கிராம உத்தியோகத்தர் முதலில் என் வீட்டுக்குத்தான் அனுப்புவார். டீச்சர் ஆட்களைக் காட்டித் தருவா என்று. வந்தவர்களின் பெயர், தலைப்பு, போன் நம்பரை ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் 2003இல் தொடங்கியது. இன்றைக்கு அதில் முப்பத்தெட்டுத் தலைப்புகள் இருக்கின்றன. குளத்து மீன்பிடி, எருமைத் தயிர், விதவைகளின் வாழ்வாதாரம், கவி, பொல்லடி, பெண்கல்வி, சமுர்த்தி. திரும்பி வந்த ஆய்வேடுகள் மூன்று. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. நாலைந்திலிருந்தும் வந்திருக்கிறார்கள், எல்லாரும் ஒரே மாதிரித்தான் போயிருக்கிறார்கள்.

இறக்காமம் தெரியாத வாசகருக்கு ஒரு சொல். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரமாக அடுக்கிக் கிடக்கிற ஊர்களிலிருந்து உள்ளே தள்ளி, குளமும் வயலுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. வரிப்பத்தான்சேனை, குடுவில், தமிழர் வாழும் மாணிக்கமடு எல்லாம் எங்கள் பிரதேச செயலகத்துக்குள் வரும். சுற்றுலாப் பயணி வரமாட்டான். ஆய்வு செய்கிறவன்தான் வருவான்.

இப்படி வந்துபோவது புதிதல்ல. அக்கரைப்பற்றுக்கு 1969இல் ஒரு அமெரிக்க இளைஞர் வந்தார். டெனிஸ் மெக்கில்வ்ரே என்று பெயர். தமிழ் படித்து, தமிழர் முஸ்லிம்கள் இரு பக்கமும் பழகி, எங்கள் தாய்வழிக் குடிமுறையையும், பெண் பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுக்கிற வழக்கத்தையும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்ற ஏற்பாட்டையும் அவர் போல் விரிவாக எழுதியவர் வேறில்லை. அவருடைய பெரிய நூல் வெளிவந்தது 2008இல். இடையில் ஏறக்குறைய நாற்பது வருடம்; யுத்தத்துக்குள்ளும் சுனாமிக்குப் பிறகும் அவர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். அந்த விசுவாசத்துக்கு ஒரு ஸலாம். ஆனால் நூல் இங்கிலீஷில் இருக்கிறது. எந்தக் குடியைப் பற்றி எழுதினாரோ அந்தக் குடியில் எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்?

எங்கள் பக்கத்து நாட்டார் கவிகளைத் திரட்டியவர்களைப் பாருங்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் சட்டத்தரணி. ‘கிராமத்து இதயம்’ தந்த எஸ்.எச்.எம். ஜெமீல் கல்வியதிகாரி, நிர்வாகி. தொழில் முடிந்த நேரத்தில் கொப்பியும் கையுமாகக் கிழவிமாரைத் தேடிப் போனவர்கள். முத்துமீரான் மண்வாசம் மாறாமல் கதையும் எழுதினார். அவர்கள் அச்சில் கொண்டுவந்ததை ஊர்கள் வாங்கி வாசித்தன. “இது எங்கட பக்கத்தில வேற மாதிரி” என்று சண்டையும் பிடித்தன. கலைப்பீடம் செய்திருக்க வேண்டிய வேலை.

திரும்பி வந்த மூன்று ஆய்வேடுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். கவி பற்றியது. உம்மா பாடிக்கொடுத்தவை பின்னிணைப்பில் இருந்தன. ஆசையோடு விரித்தேன். உம்மாவின் வாயில் ‘மறுகா’ என்று வந்த இடமெல்லாம் ‘பிறகு’. ‘கிறுகி’ வந்த இடத்தில் ‘திரும்பி’. எதுகை செத்து, ஓசை செத்து, பாடப்புத்தகச் செய்யுள் போலக் கிடந்தது. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இதார் பாடின?” என்று கேட்டா.

அந்தப் பிள்ளையைப் பிறகு ஒரு கலியாண வீட்டில் கண்டேன். ஏன் மாற்றினாய் என்றேன். “பேச்சு வழக்கு கொச்சையா இருக்கெண்டு மேற்பார்வையாளர் திருத்தச் சொன்னார் டீச்சர்,” என்றாள். அவளுடைய சொந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து எட்டு மைல். அவளுடைய உம்மாவும் மறுகா என்றுதான் சொல்லுவா. தன் உம்மாவின் சொல்லைத் தானே கொச்சை என்று வெட்டுகிற அளவுக்கு நாலு வருடத்தில் பழக்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் அவள் மேல் இல்லை. நானும் வகுப்பில் சிவப்புப் பேனையால் ‘மறுகா’வை வெட்டியவள்தான், பரீட்சைக்கு எழுத்துத் தமிழ்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

வெளிநாட்டு ஆய்வாளன் அந்நியனாக வருகிறான், அது அவன் விதி. எங்கள் பிள்ளைகள் அந்நியர்கள் இல்லை. ஒலுவிலில் 1995 ஒக்டோபரில் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடம் மே மாதம் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது, யுத்தத்தால் படிப்பிடம் இழந்த எங்கள் பிள்ளைகளுக்காகத்தான். முஸ்லிம் காங்கிரஸ் தலைவராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் அதற்காகப் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது எங்கள் பெண் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு. அந்த அருகாமைதான் எங்கள் முதல். வயல்காரனுக்கும் முல்லைக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் பிள்ளைக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. நெல் சூடடிக்கும் களவெட்டியில் பொலியை எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்லக்கூடாது என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு, எங்கோ தயாரித்த வினாக்கொத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருவதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு முறை ஒரு வினாக்கொத்தின் நடுவில் “மன்னார் பிரதேசத்தில்” என்று ஒரு வரி மாற்றப்படாமல் கிடந்ததைக் கண்டேன். அந்தப் பையனுக்கு வெட்கம் தாங்கவில்லை. பலாப்பழம் வெட்டிக் கொடுத்து ஆற்றவேண்டியதாயிற்று.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு மாறான ஒன்று நடந்திருக்கிறது. கலை படித்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரத்தை நிரப்பி, மேல்பகுதியில் சிங்களக் குடியேற்றங்களை அமைத்தார்கள். கீழ்ப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள். முப்பது வருடத்தில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, தலைவாய்க்காலில் இருப்பவனுக்கு வெள்ளமும் கடைசியில் இருப்பவனுக்கு வெடிப்புமாகப் போயிற்று. வாய்க்காலின் கடைசி என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. நடுச்சாமத்தில் மண்வெட்டியோடு வரம்பில் குந்தியிருந்து தண்ணீருக்குக் காவல் காத்த வாப்பாவை நான் கண்டிருக்கிறேன். தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையோடு அவர் போட்ட சண்டைகளில் பாதியை இங்கே எழுத முடியாது.

1980இல் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்த இடதுகரையில் ஒரு வேலையைத் தொடங்கின. அடுத்த வருடம் இளம் பட்டதாரிகளைத் தெரிந்தெடுத்து விவசாயிகளுக்கு நடுவில் கொண்டுபோய் இருத்தினார்கள். பொறியியல் படித்தவர்கள் அல்லர். கலைத்துறை படித்த பலர் அவர்களில் இருந்தார்கள். முதலில் அவர்களுக்கிருந்த வேலை வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவது. ஒரு சிறு வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்துப் பதினைந்து பேர் தாங்களே கூடிப் பேசும் வரைக்கும் எந்தச் சங்கமும் அமைக்கக்கூடாது. தலைவர் தெரிவும் பிறகுதான். விவசாயிகள் தாங்களே இறங்கி வாய்க்கால் வெட்டினார்கள், முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தலைப்பில் இருந்தவர்கள் கடைசியில் இருந்தவர்களுக்காகத் தங்கள் மதகை மூடினார்கள். இங்கே எவனும் எவனோடும் ஒத்துப்போகமாட்டான் என்று அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த இடம் அது. 1997 சிறுபோகத்தில், இருக்கிற நீருக்கு ஒரு பகுதி வயல்தான் செய்யலாம் என்று நீர்ப்பாசனத்தார் சொன்னபோது, விவசாயிகள் பங்கிட்டு முழுவதையும் செய்து காட்டினார்கள். திட்டம் 1985இல் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆன பிறகு நடந்தது அது.

இதைப் பற்றி நோர்மன் அப்ஹொஃப் 1992இல் எழுதிய நூலின் பெயரே ‘கல்லோயாவிலிருந்து கற்றல்’ என்று வரும். கோர்னெல் பேராசிரியர் கல்லோயாவிடம் படித்தேன் என்று பெயர் வைக்கிறார். எங்கள் ஆய்வேடுகளில் ‘விழிப்புணர்வூட்டல்’ என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பட்டதாரிகளுக்கு என்ன நடந்தது தெரியுமா? தற்காலிக நியமனம்தான். ஆசிரியர் வேலை வந்ததும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். நானும் ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்துக்கிடந்தவள், குறை சொல்லமாட்டேன். 2017இல் காரைதீவில் வேலையற்ற பட்டதாரிகள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். அந்த வழியாகப் போகிறபோது பஸ்ஸில் ஒருவர், “கலைப்பட்டம் என்னத்துக்கு உதவும், வெற்றுப் பேப்பர்” என்றார். அவருக்குக் கல்லோயாக் கதையைச் சொல்ல வாய் உன்னியது. அவர் இறங்குகிற இடம் வந்துவிட்டது.

மட்டக்களப்பில் இன்னொன்று நடந்தது. சீலாமுனை என்ற கிராமத்தில், கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் என்ற குழுவினரும் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கூத்து மீளுருவாக்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு எடுத்து வந்து சுருக்கி அழகுபடுத்துவது ஒரு வழி; அந்த வழியில் பெரிய சாதனைகள் உண்டு. இவர்கள் கூத்தைக் களரியிலேயே விட்டுவிட்டு, தாங்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். பழைய கூத்துக் கொப்பியில் பெண்ணைப் பற்றியும் சாதியைப் பற்றியும் வருகிற பகுதிகளை இன்றைக்கு அப்படியே ஆடலாமா என்று அண்ணாவியாரும் கூத்தர்களும் ஊராரும் தாங்களே பேசித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்காரன் அதில் ஒரு குரல், அவ்வளவுதான். ஒரு கொப்பியை மாற்றி எழுத ஒரு ஊர் கூடி வாதாடுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசியுங்கள். ஆறு மாத ஆய்வேட்டுக்குள் அடங்காது. விடாமல் போய்வர ஆள் வேண்டும்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, பாட்டும் பாயும் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2016 ஒக்டோபரை நினைவூட்டுகிறேன். மாணிக்கமடுவில் மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து காணிப் பிரச்சினை. கூட்டத்துக்கு மேல் கூட்டம். அந்தக் கூட்டங்களில் எங்கள் பெரியவர்கள் எழும்பி, வாப்பா காலத்திலிருந்து, மூத்தாப்பா காலத்திலிருந்து என்றுதான் பேசினார்கள். கையில் எழுத்து இல்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அதில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. எங்கள் நிலத்தின் பழங்கதையை எழுதப் போகிறவர்கள் எங்களோடு பேச மொழி இல்லாதவர்கள். அந்த நேரத்தில் என் சீஆர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். முப்பத்துச் சொச்சம் தலைப்பு. காணி உறுதிகளை, பழைய பெர்மிட்டுகளை, பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்களை, கலியாணக் கடுத்தப் பதிவுகளை உட்கார்ந்து பார்த்து எழுதிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. மாணிக்கமடுத் தமிழ்ப் பெரியவர்களையும் எங்கள் பெரியவர்களையும் ஒன்றாக இருத்தி, எந்த வயல் வட்டையை யார் யார் செய்தார்கள் என்று கேட்ட பிள்ளையும் இல்லை. இரண்டு பக்கத்துக் கிழவர்களும் கூட்டாக வயல் செய்தவர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இப்போது பாதிப்பேர் மண்ணுக்குள்.

எழுதாமல் விட்டதில் இப்படி ஒரு ஆபத்து. எழுதியதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அறபு எழுத்தில் எது இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கப் பயந்தோம். சோதனைக்கு வருகிறவர்களுக்குத் திருக்குர்ஆனுக்கும் அறபுத் தமிழ்க் கிதாபுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூத்தம்மாவின் காலத்துக் கிதாபுகள், தமிழ்ப் பாட்டு அறபு எழுத்தில் எழுதியவை, ஒரு பொட்டலமாகக் கட்டிக் குளத்தில் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை, என்ன சொல்லித் தடுப்பது? பிறகு அந்த வீட்டுக்காரிக்கு நினைவு வந்தது: இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு பையன் அவற்றையெல்லாம் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துப் போனான். கொப்பியைப் பார்த்து நம்பர் எடுத்துப் பேசினேன். “டீச்சர், அந்தப் போன் உடைஞ்சிட்டு,” என்றான். ஆய்வேட்டில் இரண்டு பக்கம் மட்டும் மாதிரிக்குப் போட்டிருக்கிறானாம். எடுத்த படங்களை நூலகம் நிறுவனத்துக்காவது அனுப்பியிருக்கலாம். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து இணையத்தில் வைக்கிறார்கள். அவனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வீட்டுக்குச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

ஊரோடு சேர்ந்து ஆய்வு என்று சொல்லும்போது ஊர் என்றால் யார் என்ற கேள்வியும் வரும். இதில் நானும் குற்றவாளி. ஐந்தாறு வருடத்துக்கு முன் எங்கள் ஊர்ப் பிள்ளையே ஒன்று, சமூகவியல் படித்தது, சீதன வீடு பற்றி எழுதப் போவதாக வந்தது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் இங்கே கலியாணம் இல்லை. அதற்காக யார் எத்தனை ஏக்கர் விற்றார்கள், எந்த வாப்பா கட்டாருக்குப் போனார், எந்த ராத்தா வீடு முடியாததால் முப்பத்தைந்து வயது வரைக்கும் இருந்தாள் என்று தெருத் தெருவாகக் கணக்கெடுக்கப் போகிறாளாம். அருமையான யோசனை. நாலு பேர் முகம் சுளித்தார்கள். பள்ளிவாசல் பக்கமிருந்து ஒருவர் என்னிடம் வந்து, “டீச்சர், ஊர்ர மானம்” என்றார். நான் அவளைக் கூப்பிட்டு, “விடு மகள், வேற தலைப்பு எடு” என்றேன். எடுத்தாள். சமூக வலைத்தளப் பாவனையும் பாடசாலை மாணவரும். அவளுக்கு நல்ல சித்தி கிடைத்தது. அவளைக் காணும்போது இன்றைக்கும் என் கண் கீழே போகிறது.

ஆகவே ஊர் கேட்பதையெல்லாம் எழுதிக் கொடுப்பதுதான் ஊருக்கான ஆய்வு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் நாலு குடும்பத்தின் பெருமையும் பள்ளிவாசல் தலைவர்மாரின் படமும்தான் மிஞ்சும். ஆனால் ஊருக்குப் பிடிக்காததை எழுதுகிறவரும் ஊரின் முகத்துக்கு நேரே நின்று வாசித்துக் காட்டவேண்டும். வாசிக்கிறபோது சபையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பள்ளிவாசல் மண்டபத்தில் ஒரு தரம் வாசித்தால் பாய் இழைக்கிற பெண்ணுக்குக் கேட்காது. விறாந்தையிலும் ஒரு தரம் வாசிக்கவேண்டும்.

ஆபிரிக்காவின் தெற்கில் சான் என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். உலகத்தில் அவர்களைப் போல் ஆராயப்பட்டவர்கள் குறைவு. இரத்தம் முதல் பாட்டு வரை எடுத்துப் போனார்கள். 2017இல் தென்னாபிரிக்காவின் சான் மக்கள் தாங்களே உட்கார்ந்து ஆய்வாளருக்கு ஒழுக்கக்கோவை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, பரிவு, முறையாக வருதல். ஜன்னலால் நுழையாமல் வாசலால் வாருங்கள் என்பதுதான் அதன் சாரம். எழுதப் படிக்க வாய்ப்புக் குறைந்த மக்களுக்கு அது முடிந்திருக்கிறது. வீட்டுக்கொரு பட்டதாரி இருக்கிற எங்கள் ஊர்களுக்கு முடியாதா? ஒரு பக்கத் தாள் போதும். பிரதேச செயலகத்திலும் பொது நூலகத்திலும் ஒட்டி வைக்கலாம்.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஆய்வேட்டுக்குப் போடுகிற நூறு புள்ளியில் பத்தை ஊருக்கு ஒதுக்குங்கள். வினாக்கொத்து அச்சடிக்குமுன் இரண்டு வார இறுதி வெறுங்கையோடு போய் இருந்தாரா, எழுதியதை அந்த ஊரில் தமிழில் வாசித்தாரா, ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் வைத்தாரா என்று பாருங்கள். ஊர் சொன்ன திருத்தங்களைத் தனி அத்தியாயமாகப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஏற்கவேண்டியதில்லை, ஏற்காததற்குக் காரணம் எழுதட்டும். புள்ளி இல்லாத வேலையைப் பிள்ளைகள் செய்யமாட்டார்கள் என்பது முப்பத்தொரு வருடத்தில் நான் கண்ட உண்மை. மேற்பார்வையாளரும் ஒரு தரமாவது ஊருக்கு வரட்டும். பெற்றோல் விலை தெரியும், இருந்தாலும் வரட்டும்.

உம்மா மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. போன வருடம் நோன்புக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்தது. பாய் பற்றித்தான். பைல் இல்லை. ஒரு வாரம் எங்கள் மைனி வீட்டில் தங்கிக் காலையில் பெண்களோடு இருந்து பன் வகிர்ந்து, விரலெல்லாம் கீறிக்கொண்டு போனது. நான் பெரிதாக நம்பவில்லை. கொப்பியில் பெயரை மட்டும் எழுதி வைத்தேன்.

நாலு மாதம் கழித்து பைண்ட் பண்ணிய ஆய்வேட்டோடு வந்து நின்றாள். வாசிக்கப் போகிறாளாம். அஸர் தொழுதுவிட்டு ஒன்பது பெண்கள் எங்கள் விறாந்தையில் கூடினார்கள். முதல் அரை மணி நேரம் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். சாயம் போடுகிற அத்தியாயம் வந்ததும் ஒருத்தி, “நில்லுகா, செவப்பு கடைசியா போடுறல்ல” என்றாள். இல்லை, கடைசியாகத்தான் என்றாள் மற்றவள். இரண்டு பேருக்கும் நடுவில் பெரிய வாக்குவாதம். பிறகு பள்ளக்காணி வேலிகளின் கதை. எந்தக் காணி, எந்த வருடம், யார் என்று அவள் மூன்று பெயர் எழுதியிருந்தாள். இவர்கள் ஏழு சொன்னார்கள். ஏழாவது பெயர் அங்கே இருந்த ஒருத்தியின் சொந்தச் சாச்சா. அவளே சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிள்ளை தங்க எழுத்துப் பதித்த அந்தப் புத்தகத்திலேயே பேனையால் வெட்டி வெட்டி எழுதிக்கொண்டிருந்தாள். “மறுகா?” என்று யாராவது ஒருத்தி கேட்டால் பக்கத்தைத் திருப்புவாள்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது முப்பத்தியோராம் பக்கத்தில் நின்றார்கள். நாளைக்கு வரட்டாம்.